டீட்டிகோன் சலவை வழக்கு, அமெரிக்க முறைப்படி

1

சென்ற செவ்வாய்க்கிழமை, சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான டீட்டிகோனில், எங்கள் கட்டடத்தின் பழைய சலவை இயந்திரத்தை இரண்டு பேர் நிலக்கீழ் அறையிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்றாம் மாடிப் பவளமக்கா பல்கனியில் நின்று அதை வழியனுப்பினார். "போகுது பார், எங்களையெல்லாம் கோடேத்தின சனியன்" என்று கீழே நின்ற எனக்குக் கேட்கும்படி சொன்னார். தூக்கியவர்கள் நிமிர்ந்து பார்த்து மரியாதையாக வணக்கம் சொன்னார்கள்.

கோடேற்றியது, அதாவது விசாரணைக்கு இழுத்தது, இயந்திரம் அல்ல, நான்தான். மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்த அந்த விசாரணையைப் பற்றிச் சூரிச்சில் இப்போது நாலைந்து விதமான கதைகள் உலாவுகின்றன. ஒன்றில் சுவிஸ் நீதிபதி ஒருவர்கூட வருகிறார். அவை ஊருக்கும் வந்து சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆகவே நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதிவைக்கிறேன்.

இங்கே வாடகைக் கட்டடங்களில் சலவை இயந்திரம் வீட்டுக்குள் இருக்காது. பத்துக் குடும்பங்களுக்கு ஒன்று, நிலக்கீழ் அறையில், பூட்டுக்குள் இருக்கும். சுவரில் ஒரு நாட்காட்டி. இரண்டு கிழமைக்கு ஒரு நாள் உங்களுடைய நாள். முதல்நாள்காரர் உங்களிடம் அந்தப் பூட்டின் திறப்பைத் தருவார். நீங்கள் தோய்த்து முடித்து, இயந்திரத்தின் வாய் ரப்பரைத் துடைத்து, நிலத்தைக் கூட்டி, திறப்பை அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை யாருடைய நாளும் அல்ல. அன்று செய்யக்கூடாதவை: துணி தோய்த்தல், புல் வெட்டுதல், ஆணி அடித்தல், வெற்றுப் போத்தல்களைத் தொட்டியில் போடுதல். இவற்றில் எதிலும் கெட்ட எண்ணம் இல்லை. சத்தம்தான் இருக்கிறது.

கட்டடத்தில் நான்கு தமிழ்க் குடும்பங்கள் இருந்தோம். எல்லோருக்கும் கிழமையில் ஆறு நாள் வேலை. மிச்சம் இருப்பது எந்த நாள் என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம். அத்துடன் எங்கள் ஆட்களுக்குத் திறப்பு என்பது தேங்காய் துருவும் திருவலை மாதிரி. பக்கத்து வீட்டில் கேட்டால் கொடுக்க வேண்டிய சாமான். "அண்ணை, ஒருக்கா திறப்பைத் தாங்கோ" என்று ஒருவர் கேட்டால், ஏன் என்று திருப்பிக் கேட்பது மரியாதை இல்லை.

2

குற்றம் சாட்டப்பட்டவரை முதலில் அறிமுகம் செய்கிறேன். செல்வநாயகம் அண்ணை, நாற்பத்தைந்து வயது, ஒரு வைத்தியசாலையின் சமையலறையில் பாத்திரம் கழுவும் பகுதியில் வேலை. மனைவி இராசேஸ்வரியும் இரண்டு மகள்மாரும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களை இவர் பார்த்து எட்டு வருடங்கள். கடைசியாகப் பார்த்தபோது சின்ன மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

குடும்பத்தைக் கூப்பிடுவதற்கு, அனுமதி கொடுக்கும் வெளிநாட்டவர் பொலிஸ் கேட்ட சாமான்களில் ஒன்று, போதிய அறைகள் உள்ள வீடு. அதற்காகத்தான் அவர் நாலு பேரோடு படுத்த அறையை விட்டு எங்கள் கட்டடத்தில் மூன்றறை வீடு எடுத்தார். அந்த வாடகை ஒப்பந்தத்தின் பிரதி விண்ணப்பக் கோவைக்குள் போய்விட்டது. வீட்டில் ஒரு மேசை, ஒரு கதிரை, பிளாஸ்டிக் உறை கழற்றாத இரண்டு சின்னக் கட்டில்கள். தான் நிலத்தில் படுத்தார்.

வந்த முதல் மாதத்திலேயே கட்டடத்தின் நிர்வாகக் கந்தோரிலிருந்து அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. பால் காய்ச்சிய அன்று படிக்கட்டில் முப்பத்தொரு சோடி சப்பாத்துகள் கிடந்தன என்பது குற்றச்சாட்டு. எண்ணியது யார் என்று கடிதத்தில் இல்லை. எண்ணிக்கை சரி.

பிறகு ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, இரண்டாம் மாடியில் இருக்கும் சுவிஸ் பெண்மணி ஃப்ராவ் ஹூபர் காலை ஏழு மணிக்குத் தன் படுக்கை விரிப்புகளைத் தோய்த்தார். மூலையில் தாயாரின் முதலெழுத்துகள் பின்னிய வெள்ளை விரிப்புகள். அவை இளஞ்சிவப்பாக வெளியே வந்தன. இயந்திரத்தின் வாய் ரப்பருக்குள் இரண்டு அங்குலச் சிவப்பு நூல் ஒன்று அகப்பட்டது. கட்டடக் காவலாளி அந்த நூலை ஒரு சின்னப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, திகதி எழுதி, அறிவித்தல் பலகையில் குத்தி வைத்தார். நாங்கள் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைக் கடந்துதான் போனோம்.

நான்கு தமிழ்க் குடும்பங்களுக்கும் ஒரே வாசகத்தில் கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் ஓடிய சத்தம் கேட்டிருக்கிறது. முதல்நாள் முறை செல்வநாயகத்துடையது, ஆகவே அன்று திறப்பு அவரிடம் இருந்தது. மாதம் முடிய முன்னர் வேறொருவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால் இது அவருடைய இரண்டாவது எச்சரிக்கை. இரண்டாவது எச்சரிக்கையோடு ஒப்பந்தம் முடியும்.

ஒப்பந்தம் முடிந்தால் வீடு இல்லை. வீடு இல்லாவிட்டால் கோவை மூடப்படும். லொட்ஜில் இருக்கும் மூன்று பேரும் லொட்ஜிலேயே இருக்க வேண்டியதுதான்.

நால்வரில் என் ஜெர்மன் பரவாயில்லை என்பதால் ஃப்ராவ் ஹூபரிடம் மன்னிப்புக் கேட்க என்னை அனுப்பினார்கள். விரிப்புகளை நாங்கள் வெளுக்கக் கொடுத்துத் தருகிறோம் என்றேன். அவர் எனக்குக் கோப்பி தந்தார், பிஸ்கற் தந்தார், பிறகு மிக அமைதியாகச் சொன்னார்: "நிறத்தை நான் கொதிக்கவைத்து எடுத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமையை எப்படி எடுப்பது?"

3

இனி அமெரிக்கா எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணு படித்தவள். இங்கே ஒரு தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகைகளைச் சோதித்துக் கையெழுத்து வைக்கிறேன். பலகையில் நாற்பது இடம் சரி பார்த்தால்தான் கையெழுத்து. கையேடுகள் ஆங்கிலத்தில் வரத் தொடங்கியதால் தொழிற்சாலை எங்களில் சிலரை மாலை வகுப்புக்கு அனுப்பியது. ஆசிரியை ஓர் அமெரிக்கப் பெண். அந்தத் தவணைக்கு அவர் எடுத்த பாடம் "அமெரிக்கக் குற்றவியல் நீதியின் அடிப்படைகள்". சுவிஸில் இருந்துகொண்டு இதை ஏன் படிக்கிறோம் என்று ஒரு போர்த்துக்கேயர் கேட்டார். தொலைக்காட்சித் தொடர்கள் விளங்கும் என்று ஆசிரியை பதில் சொன்னார்.

இரண்டு பக்கத் தாள் ஒன்று தந்தார். நான் அதைத் தமிழில் சுருக்கி வைத்திருந்தேன்:

நிரூபிக்கும்வரை எவரும் குற்றவாளி அல்ல.
நிரூபிக்க வேண்டியது குற்றம் சாட்டுபவர்.
குற்றம் சாட்டப்பட்டவர் பேசாமல் இருக்கலாம். அதை அவருக்கு எதிராக எடுக்கக்கூடாது.
அவருக்கு வழக்கறிஞர் உண்டு.
பக்கம் சாராத பன்னிரண்டு பேர் ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.
நியாயமான சந்தேகம் இருந்தால் விடுதலை.

இரண்டாம் பக்கத்தை நான் அப்போது சுருக்கவில்லை. அதற்குச் சோதனையில் புள்ளி குறைவு.

கடிதத்தைப் பற்றிக் கதைக்க எங்கள் வீட்டில் எல்லோரும் கூடினோம். பவளமக்கா கதிரையில் இருக்க முதலே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"திறப்பு ஆரிட்டை இருந்ததோ அவர்தான். இதுக்கென்ன கூட்டம்?"

"நிரூபிக்கும் வரைக்கும் அவர் குற்றவாளி இல்லை அக்கா" என்றேன்.

"அப்ப நிரூபிச்சாப் போச்சு. அவரைக் கேள், சொல்லட்டும்."

"அவர் சொல்லத் தேவையில்லை. நீங்கள்தான் நிரூபிக்கோணும்."

"இதென்னடி கோதாரி? செய்தவர் வாயை மூடிக்கொண்டிருக்க, செய்யாத நான் ஓடித் திரியிறதோ?"

நான் தாளை எடுத்து வாசித்தேன். அப்போதுதான் முதலாம் மாடி கிளாக்கர் ஐயாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கிளாக்கர் ஐயா மன்னாரில் நீதிமன்ற எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே ட்ராம் வண்டிகள் நிறுத்துமிடத்தில் இருக்கைகளைத் துடைக்கிறார். "பிள்ளை, உது வெள்ளைக்காரன்ரை சட்டம்தான், அமெரிக்கன் கொஞ்சம் பழுதாக்கி வைச்சிருக்கிறான்" என்றார். "முறையா ஒரு விசாரணை வைப்பம். எழுத்திலை முடிவு அனுப்பினால் கந்தோர்க்காரன் தட்டேலாது."

செல்வநாயகம் அண்ணை மூலையில் நின்றார். "அண்ணை, உங்களுக்குச் சம்மதமோ?" என்று கேட்டேன்.

"நீங்கள் என்னத்தையாவது செய்யுங்கோ பிள்ளை" என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. குடும்பம் வராமல் போய்விடும் என்ற பயம் என்று எடுத்துக்கொண்டேன். அது பாதிதான் சரி.

4

நீதிபதி கிளாக்கர் ஐயா. குற்றம் சாட்டும் தரப்பு பவளமக்கா. எதிர்த்தரப்பு நான். ஜூரிக்கு ஆள் தேடத் தொடங்கியபோதுதான் அமெரிக்க நீதி எங்கள் சனத்துக்கு ஏன் சரிவராது என்று விளங்கியது.

பக்கம் சாராத பன்னிரண்டு பேர் வேண்டும். நான் ஒரு தாளில் கோடு போட்டு, பெயர், சொந்தமா, கோபமா என்று மூன்று நிரல் கீறினேன். சூரிச், டீட்டிகோன் இரண்டிலும் தெரிந்தவர்களை எழுதிப் பார்த்தேன். இருபத்தாறு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஏதோ ஒரு நிரலில் புள்ளடி விழுந்தது. ஆறு பெயருக்கு இரண்டிலும் விழுந்தது. சொந்தமும் இல்லாமல் கோபமும் இல்லாமல் ஒரு தமிழர் இந்த மாநிலத்தில் இருப்பதாகத் தெரியவில்லை.

"பன்னிரண்டு எதுக்கு? இலங்கையிலை ஏழு பேர் போதும்" என்று கிளாக்கர் ஐயா ஆணை போட்டார். "ஏழிலை அஞ்சு பேர் சொன்னாலும் தீர்ப்புத்தான்."

"ஒருமனதா வேணும் ஐயா. தாளிலை இருக்கு."

"சரி. ஆள் இலங்கைக் கணக்கு, மனம் அமெரிக்கக் கணக்கு. எழுதிக்கொள்."

கடைசியில் அகப்பட்ட ஏழு பேர்: நீதிபதியின் மனைவி றீற்றா அன்ரி. நீதிபதியின் வளர்ந்த ஆண்மக்கள் இருவர். பவளமக்காவின் கணவர், கணவரின் தம்பி. என் கணவர் பாலன். ஏழாவது ஆள் சூரிச் லாங்ஸ்ட்ராச வீதியில் வீடியோக் கடை வைத்திருப்பவர். கசெட் கொடுக்க வந்த இடத்தில் பிடித்துவிட்டோம். என் பட்டியலில் வராத அவர் ஒருவர்தான் பக்கம் சாராதவர். நாலு மணிக்குள் விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

5

விசாரணை செல்வநாயகம் அண்ணை வீட்டில். தளபாடம் இல்லாத வீடு என்பதால் நீதிமன்றத்துக்கு ஏற்ற இடம் அதுதான். நாள் ஞாயிறு, எல்லோரும் மெதுவாகக் கதைக்க வேண்டும் என்று நான் முதலே சொல்லிவைத்தேன். சப்பாத்துகளை ஒரு பைக்குள் போட்டு உள்ளே கொண்டுவந்தோம்.

முதல் சிக்கல் விசாரணை தொடங்க முன்பே வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் குசினியிலிருந்து ஒரு பெரிய தட்டில் ஆட்டிறைச்சி ரோல்ஸ் கொண்டுவந்து ஜூரிக்கு நீட்டினார்.

"அண்ணை, குடுக்கக்கூடாது. உது லஞ்சம்" என்றேன்.

"வீட்டுக்கு வந்த சனத்துக்கு ஒரு தேத்தண்ணிகூடக் குடாமல் விடுறதோ பிள்ளை? என்னை எண்டைக்கும் அப்பிடி வளக்கேல்லை."

"லஞ்சம் எண்டாலும் சூடு ஆற முதல் எடுங்கோ" என்றார் வீடியோக் கடைக்காரர். ஜூரியின் ஒரே நடுநிலையாளர் இரண்டு எடுத்தார். கிளாக்கர் ஐயா தனக்கு வந்த ரோல்ஸை மேசையின் ஓரத்தில் வைத்து, தீர்ப்புக்குப் பிறகு சாப்பிடுவதாக அறிவித்தார். பவளமக்கா மட்டும் தொடவில்லை. "எதிராளியின்ரை கையாலை வாங்கித் திண்டுபோட்டு எப்பிடி அவரைக் குறை சொல்லுறது? வாய் வராது" என்றார். இருந்தவர்களில் சட்டம் தெரிந்தவர் அவர்தான் என்று எனக்குப் பட்டது.

கிளாக்கர் ஐயா தொண்டையைச் செருமினார். அந்தக் குரலை நாங்கள் யாரும் முன்பு கேட்டதில்லை. ட்ராம் நிறுத்துமிடத்தில் கேட்டிருக்க முடியாது.

"செல்வநாயகம். ஞாயிற்றுக்கிழமை பொது இயந்திரத்திலை உடுப்புத் தோய்ச்சு அயலாற்றை விரிப்பை நிறம் மாத்தின குற்றத்துக்கு நீர் குற்றவாளியோ, சுற்றவாளியோ?"

சுற்றவாளி என்றால் குற்றமற்றவர், ஊர் நீதிமன்றச் சொல். செல்வநாயகம் அண்ணை என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

"அவர் பேசாமல் இருக்கலாம்" என்றேன்.

"அப்ப பேசாமல் இருக்கிறன்" என்றார். பிறகு தானாகவே சொன்னார்: "ஊரிலை வாயைத் திறக்காட்டி அடிப்பாங்கள். இஞ்சை திறக்காட்டி அது உரிமை எண்டுறியள். ரெண்டுக்கும் நான் செய்யிறது ஒண்டுதான்."

றீற்றா அன்ரி ரோல்ஸை மடியில் வைத்துவிட்டார்.

பவளமக்கா எழுந்தார். திறப்பு அவரிடம் இருந்தது, நூல் இருக்கிறது, ஆம்பிளை தனிய இருக்கிற வீட்டில் சலவை ஒழுங்காக நடக்குமா, இவ்வளவும் கேட்டபிறகு, "அண்டைக்குப் பின்னேரம் மெசின் ஓடினதெண்டு கட்டடக் காவலாளி ஃப்ராவ் ஹூபருக்குச் சொன்னதாம், ஃப்ராவ் ஹூபர் நாலாம் மாடிக்காரிக்குச் சொன்னதாம்" என்றார்.

"ஆட்சேபம். மற்ற ஆள் சொல்லக் கேட்டது சாட்சி இல்லை."

"என்னடி சொல்லுறாய்?"

"தாங்கள் கண்டதைத்தான் சொல்லலாம் அக்கா. ஆரோ சொன்னது செல்லாது."

பவளமக்கா ஜூரியைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியளோ? ஆரோ சொன்னது செல்லாதாம். அப்ப எங்கட சனம் இனி வாய் திறக்கேலாது."

"சரி, ஒரே ஒரு கேள்வி" என்று நான் செல்வநாயகம் அண்ணையிடம் திரும்பினேன். "அண்ணை, அண்டைக்குத் திறப்பை ஆருக்காவது இரவல் குடுத்தனீங்களோ? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ."

பவளமக்காவின் கணவர் சுவரைப் பார்த்தார். றீற்றா அன்ரி கழுத்துச் சிலுவையைப் பிடித்தார்.

"நான் ஆற்றை பேரும் சொல்லமாட்டன்" என்றார் செல்வநாயகம் அண்ணை.

கிளாக்கர் ஐயா ஜூரியைச் சின்ன அறைக்கு அனுப்பினார்.

6

ஏழு பேரும் பிளாஸ்டிக் உறை போட்ட இரண்டு கட்டில்களில் நெருங்கி இருந்தார்கள். அசையும்போதெல்லாம் பிளாஸ்டிக் சரசரத்தது. கதவுக்கு வெளியே எங்களுக்கு முதல் பத்து நிமிடம் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. பிறகு ஒரு பெண் அழும் சத்தம்.

முக்கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. றீற்றா அன்ரி முன்னால் வந்து கணவரைப் பார்த்துச் சொன்னார்: "இஞ்சேருங்கோ. நானும் அண்டைக்குத் தோய்ச்சனான். பூசைக்கு முதல். மாதாவுக்குச் சாத்திற சிவப்புத் துணியும் அதுக்குள்ளை கிடந்தது."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

அதன்பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். மூத்த மகன், சிவப்பு உதைபந்தாட்டச் சட்டை. பவளமக்காவின் கணவரின் தம்பி, சிவப்புத் துவாய். பாலன் வெளியே வந்து என் காதில், "சாந்தினி, நீயும் அண்டைக்குத் தோய்ச்சனீதானே? நான் உள்ளுக்கை சொல்லிப்போட்டன்" என்றார்.

ஓம், நானும்தான். என் புதிய செம்மண் நிறப் பாவாடை. ஒரு கிழமையாக அந்தப் பிளாஸ்டிக் பைக்குள் இருந்த நூலைக் கடக்கும்போதெல்லாம் என்னுடைய நூல் என்றே நினைத்து வந்தேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞராக நான் முன்வந்ததற்கு அது காரணமாகவும் இருக்கலாம். தனக்குப் பதிலாக மாட்டியவருக்காக வாதாடுவது ஓர் ஆறுதல்.

எல்லோரும் பவளமக்காவைப் பார்த்தோம்.

"என்ன பாக்கிறியள்? ஓம், கடைசியா நான்தான். இவற்றை வேலைச் சட்டையள். எல்லாம் வெள்ளை. தோய்ச்சனான் எண்டு தெரிய வந்தால் என்ரை தலையிலைதான் விழும் எண்டு தெரியும். அதுதான் முந்திக்கொண்டனான்."

ஒரே நாளில் ஐந்து பேர், ஒரே திறப்பு. ஒருவருக்கும் மற்றவர் தோய்த்தது தெரியாது. திறப்பை ஒவ்வொரு தடவையும் செல்வநாயகம் அண்ணையிடம் திருப்பிக் கொடுத்து, அவரிடமே அடுத்தவர் வாங்கியிருக்கிறார். அவர் ஐவரையும் காட்டிக்கொடுக்காமல் ஒரு கிழமை இருந்திருக்கிறார்.

"தீர்ப்பு?" என்று கேட்டார் கிளாக்கர் ஐயா. அவர் குரல் இறங்கியிருந்தது.

"சுற்றவாளி, ஒருமனதா" என்றார் வீடியோக் கடைக்காரர். "அவர் மட்டும்தான் சுற்றவாளி. நானும். இனி என்னை விடுங்கோ, நாலரையாச்சு."

7

அன்று மாலையே ஐவரையும் கேட்டு ஓர் அட்டவணை போட்டேன். 7.40, 9.30, 11.00, 14.00, 16.00, பெயர், துணி, வெப்பநிலை, முடிந்த நேரம். பவளமக்காவின் கடைசிச் சுற்று 17.10இல் முடிந்தது. ஐவரும் கையெழுத்து வைத்தோம். செல்வநாயகம் தோய்க்கவில்லை, திறப்பை இரவல் கொடுத்தது மட்டுமே அவர் செய்தது என்று கீழே எழுதினேன். கிளாக்கர் ஐயா தன் பழைய நீதிமன்றக் கையெழுத்தில் சாட்சிக் கையொப்பம் வைத்தார்.

நிர்வாகக் கந்தோரில் அதை வாங்கிய மனிதர் அட்டவணையை இரண்டு தரம் வாசித்தார். நான் பிளேடு போல வாதங்கள் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் ஒன்றையும் கேட்கவில்லை. "அப்படியானால் ஐந்து முதல் எச்சரிக்கைகள்" என்றார். முகத்தில் ஒரு திருப்தி. ஒரு குற்றத்துக்கு ஒரு ஆள் என்றால் ஒரு கடிதம். ஐந்து ஆள் என்றால் ஐந்து கடிதம். கணக்குச் சரிவந்தால் அவருக்குப் போதும். கிளம்பும்போது, நேரங்களை இவ்வளவு துல்லியமாக எழுதியதற்கு நன்றியும் சொன்னார்.

செல்வநாயகம் அண்ணைக்கு எச்சரிக்கை இல்லை. திறப்பை இரவல் கொடுக்கக்கூடாது என்ற அச்சடித்த தாள் மட்டும். வெளிநாட்டவர் பொலிஸுக்குப் போன கோவை அப்படியே நகர்ந்து, பங்குனியில் மூவருக்கும் அனுமதி வந்தது.

8

அனுமதி வந்த கிழமை, செல்வநாயகம் அண்ணை ஒரு பிளாஸ்டிக் பையோடு எங்கள் கதவைத் தட்டினார். உள்ளே வந்து இருக்காமல் நின்றார்.

"பிள்ளை, உந்தத் தாளின்ரை ரெண்டாம் பக்கத்திலை, ஒருக்கா விட்டாப் பிறகு திரும்ப விசாரிக்கலாமோ எண்டு ஏதும் போட்டிருக்கோ?"

எடுத்துப் பார்த்தேன். இருந்தது. ஒருமுறை விடுதலையானவரை அதே குற்றத்துக்கு இரண்டாம் தரம் விசாரிக்கக்கூடாது.

"வடிவாப் பாத்தனியோ?"

"ஓம் அண்ணை. விசாரிக்கேலாது."

அவர் பையைத் திறந்தார். உள்ளே ஒரு கல்யாணக் கூறைச்சேலை. கூறை என்று அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. சிவப்பு திட்டுத் திட்டாகப் போயிருந்தது. சரிகை சுருண்டு, சேலை முழுவதும் காய்ந்த பாகற்காய் மாதிரி இறுகியிருந்தது. அகலம் முழங்காலுக்கு மேல் வராது.

"லொட்ஜிலை மழைத் தண்ணி ஒழுகிப் பூஞ்சணம் பிடிச்சிட்டுது எண்டு மனுசி ஒரு ஆளிட்டைக் குடுத்து விட்டவ. வந்து இறங்கேக்கை மணமில்லாமல் இருக்கோணும் எண்டு நினைச்சன். பவளம் திறப்பைத் தந்தாப் போலை, ஆறு மணிக்குப் போட்டனான்."

"எத்தினை டிகிரியிலை அண்ணை?"

"தொண்ணூற்றஞ்சு. ஆசுப்பத்திரியிலை நல்லாக் கழுவோணும் எண்டால் தொண்ணூறுக்கு மேலைதான் வைப்பம்."

எனக்கு அப்போதுதான் என் அட்டவணையில் இருந்த பிழை விளங்கியது. பவளமக்கா கடைசியாகத் தோய்த்தது வெள்ளைச் சட்டைகள். அவை வெள்ளையாகவே வெளியே வந்தன. அப்படியானால் சிவப்பு அதற்குப் பிறகுதான் வந்திருக்க வேண்டும். ஒரு பலகையில் நாற்பது இடம் பார்த்துக் கையெழுத்து வைக்கிறவள், அந்த ஒரு வரியைப் பார்க்கவில்லை. "செல்வநாயகம் தோய்க்கவில்லை" என்று நானே எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

"ஏன் அண்ணை அண்டைக்கே சொல்லேல்லை?"

"ஏழு பேரை வைச்சு விசாரிச்சியள். ஏழு பேருக்குச் சொன்னால் ஏழு வீட்டிலை இருந்தும் கொழும்புக்கு ரெலிபோன் கோல் போகும். கந்தோருக்கு ஒப்புக்கொண்டால் வீடுதான் போகும் பிள்ளை. மனுசிக்குத் தெரிய வந்தால்?" பையைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "அமெரிக்காவிலை மனுசிக்கு முன்னாலை பேசாமல் இருக்கிற உரிமை இருக்கோ?"

இரண்டு பக்கத்தையும் பார்த்தேன். அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

கந்தோருக்கு நான் திருத்தக் கடிதம் எழுதவில்லை. இரண்டு தரம் எழுதத் தொடங்கினேன். இரண்டு தரமும் பிளாஸ்டிக் உறை போட்ட கட்டில்களின் சரசரப்பு நினைவுக்கு வந்து நிறுத்திவிட்டேன். வேலையிடத்தில் இப்படிச் செய்தால் என்னை அனுப்பிவிடுவார்கள், அது சரிதான்.

9

க்ளோட்டன் விமான நிலையத்துக்குப் பாலன் இரவல் வான் எடுத்துக்கொண்டு போனார். பிள்ளைகளின் குளிர்ச் சட்டைகளைப் பிடித்தபடி நானும் போனேன். கதவு திறந்து திறந்து மூடியது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மூவரும் வந்தார்கள். இராசேஸ்வரி அக்கா மெலிந்த, உயரமான பெண். பிள்ளைகள் தகப்பனை அடையாளம் தெரியாமல் என் கணவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

செல்வநாயகம் அண்ணை எட்டு வருடம் நினைத்து வைத்திருந்த வசனம் ஏதோ இருந்திருக்கும். அதைச் சொல்லவில்லை. வந்த கையோடு பையை நீட்டி, "நான்தான்" என்றார். "கூறையை மெசினிலை போட்டிட்டன். பழுதாய்ப் போச்சு. நான்தான்."

அக்கா பெட்டி வண்டியை விட்டுவிட்டுச் சேலையை வெளியே எடுத்தார். மூலையிலிருந்து மூலைவரை விரலால் தடவினார். சுற்றி ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து சரிகையைப் பார்த்தேன்.

"நீங்களே தோய்ச்சனீங்களோ?"

"ஓம்."

"வேறை ஒருத்தரும் கை வைக்கேல்லையோ?"

"இல்லை. நான் தனியத்தான்."

அக்கா எங்களைப் பார்த்தார். பிறகு அவரையே திரும்பப் பார்த்தார்.

"லொட்ஜிலை இருக்கிற சனம் முழுக்க எனக்கு எட்டு வருசமாச் சொன்னதுகள், அங்கை அவர் ஒருத்தியை வைச்சிருக்கிறார் எண்டு. நானும் ஒவ்வொரு நாளும் இருக்குமோ இருக்காதோ எண்டு யோசிச்சனான்." சேலையை உயர்த்திப் பிடித்தார். "பொம்பிளை ஒருத்தி இருக்கிற வீட்டிலை கூறைக்கு இந்தக் கதி வராது."

அதை நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்து மூடினார். "வாங்கோ, அப்பாவுக்கு ஒரு கொஞ்சல் குடுங்கோ" என்று பிள்ளைகளை முன்னால் தள்ளினார்.